பாட்டனார் கபரைத் தேடுவோருக்குச் சில குறிப்புகள்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு வருவோருக்கு அடுத்தபடியாக, இப்போது இன்னொரு கேள்வியோடு வருவோர் கூடியிருக்கிறார்கள். "எங்க அத்தாவோட அத்தா எப்ப மவுத்தானாரு, எங்க அடங்கியிருக்காரு, அதை எங்க போய் விசாரிக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. சிலருக்குச் சொத்துப் பாகப்பிரிவினை. சிலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வம்சாவளி எழுதக் கேட்கிறார்கள். சிலர் வேறு காரணம் எதுவும் இல்லாமல், நின்று ஸலாம் சொல்லி துஆச் செய்ய ஓர் இடம் தெரியவேண்டும் என்று வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் சொத்து விஷயம். பலரும் நினைப்பதுபோல, இறந்த தேதி வெறும் நினைவுக்கான தகவல் அல்ல. நம் ஃபராயிழ் சட்டத்தில் யார் முந்தி மவுத்தானார், யார் பிந்தி மவுத்தானார் என்பதில்தான் பங்கே நிற்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு ஐந்து ஏக்கர் நிலம். மனைவி முன்பே மவுத்தாகிவிட்டார். இரண்டு மகன், ஒரு மகள். கடனும் வசிய்யத்தும் போக, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மகன்களுக்கு இரண்டிரண்டு ஏக்கரும் மகளுக்கு ஒரு ஏக்கரும் சேரும். இப்போது இளைய மகன் தகப்பனாருக்கு முன்பே மவுத்தாகிவிட்டார் என்று வையுங்கள். அவருக்கு மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். உயிரோடிருக்கும் மூத்த மகனுக்கு 3 ஏக்கர் 33 சென்ட், மகளுக்கு 1 ஏக்கர் 67 சென்ட். அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசு முறையில் ஒன்றுமில்லை. பாட்டனார் மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வசிய்யத் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. ஆனால் அதே இளைய மகன் தகப்பனாருக்கு ஒரே ஒரு நாள் பிந்தி மவுத்தாகியிருந்தால், அவருடைய இரண்டு ஏக்கர் அவர் பெயரில் நின்று, எட்டில் ஒரு பங்கான 25 சென்ட் மனைவிக்கும் மீதி 1 ஏக்கர் 75 சென்ட் பிள்ளைகளுக்கும் போகும். ஒரு நாள் வித்தியாசத்தில் யத்தீம் பிள்ளைகளின் இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஒரே விபத்தில் இருவரும் போய், யார் முந்தி என்று தெரியாவிட்டால் ஒருவருக்கு ஒருவர் வாரிசாக மாட்டார்கள் என்பதும் சட்டம்.

அறுபது எழுபது வருடம் பத்திரம் மாற்றாமல் விட்டுவிட்டு, பேரன் காலத்தில் பிரிக்க உட்காரும்போது இந்த வரிசையைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில் இரண்டு தரப்பும் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தன. கடைசியில் பள்ளிவாசல் பழைய வரவு செலவு நோட்டில் குழி வெட்டிய கூலி எழுதியிருந்த இரண்டு வரி விஷயத்தை முடித்து வைத்தது. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

அடக்கஸ்தலத்தில் என்ன பார்க்கவேண்டும்

வெள்ளைக்காரர்களுக்கு இந்த வேலை சுலபம். சர்ச்சில் அடக்கப் பதிவேடு இருந்தது. அதன் நகல் லண்டனுக்குப் போனது. அது இன்றும் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். நம் மையவாடிகளுக்கு அப்படி ஒரு தொகுப்பு இல்லை. நாம்தான் மண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்.

நம் பகுதியிலிருந்து கிப்லா மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கிறது. மையித்தை வலப்பக்கமாக, முகம் கிப்லாவை நோக்க வைப்பதால் தலை வடக்கிலும் கால் தெற்கிலும் அமையும். ஆகவே எந்தப் பழைய கபரிலும் வடக்கு முனையில் இருப்பது தலைமாட்டுக் கல், தெற்கில் இருப்பது கால்மாட்டுக் கல். மீசான் கல் என்று சொல்வது இவற்றைத்தான். எழுத்து இருந்தால் பெரும்பாலும் தலைமாட்டில் இருக்கும். அங்கே முதலில் பாருங்கள்.

குழியில் இரண்டு வகை. கிப்லா பக்கச் சுவரில் உள்ளே குடைந்து மையித்தை வைப்பது லஹ்து. நடுவில் பள்ளம் எடுத்து வைத்து, மேலே பலகையோ கல்லோ பாவுவது ஷக்கு. லஹ்துதான் சிறப்பு என்பது மார்க்கம். நபி (ஸல்) அவர்களுக்கு எந்த முறையில் குழி எடுப்பது என்று பேச்சு வந்தபோது, லஹ்து எடுப்பவரான அபூதல்ஹா (ரலி) முதலில் வந்து சேர்ந்ததால் லஹ்தே எடுக்கப்பட்டது என்ற செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது. ஆனால் மண் பொலபொலவென்று இருந்தால் குடைந்த இடம் சரிந்துவிடும். அங்கே ஷக்கு எடுப்பதே சரி என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. இறுகிய செம்மண் உள்ள ஊரில் ஒரு வழக்கமும், ஆற்றோர மணல் ஊரில் வேறு வழக்கமும் இருப்பது இதனால்தான். மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. ஆனால் பலகை பாவிய ஷக்குகளில் பலகை மக்கியதும் மேல்மண் உள்வாங்கும். மழைக்குப் பிறகு ஆள் நீளத்தில் பள்ளம் விழுந்து நீர் தேங்கினால் அது பழைய கபராக இருக்கலாம். கல் இல்லாத வரிசைகளை எண்ணுவதற்கு ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த வாரம்தான் நல்ல சமயம்.

மண்மேட்டின் உருவமும் ஒரு செய்தி சொல்லும். ஒரு சாண் உயர்த்தி ஒட்டகத் திமில்போல் கூம்பாக்குவது ஹனஃபி மத்ஹபில் விரும்பப்படுவது. மேல்பக்கத்தைத் தட்டையாக விடுவது ஷாஃபி மத்ஹபில். நம் உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி, கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி. உங்கள் மூதாதை கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கே தங்கியவர் என்று வீட்டில் பேச்சிருந்தால், இதையும் ஒரு துணைச் சான்றாகப் பார்க்கலாம். மழையும் ஆடும் மிதித்த மேட்டை வைத்து வம்சத்தை முடிவு செய்துவிடக் கூடாது.

செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கபர்கள் தனி. பழைய முகலாய, தக்காண மரபுக் கட்டுக் கபர்களில் ஆணுக்கு மேலே பேனாப் பெட்டிபோல் நீண்ட மேடும், பெண்ணுக்குச் சிலேட்டுப் பலகைபோல் தட்டையான பரப்பும் செதுக்குவார்கள். எழுத்தே இல்லாவிட்டாலும் அடங்கியிருப்பவர் ஆணா பெண்ணா என்று இதைக் கொண்டு ஊகிக்கலாம். கட்டுக் கபர் பற்றி நபிமொழியில் தடை வந்திருப்பதை எல்லோரும் அறிவோம். இருக்கிற பழையதைப் படிப்பதற்குத்தான் இது; புதிதாகக் கட்டச் சொல்லவில்லை.

இங்கே பேகம்பூரைச் சொல்லாமல் போக முடியாது. பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் ஹைதர் அலி காலத்தது. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடங்கியிருக்கிறார். அந்தப் பகுதிக்குப் பெயரே அவரால் வந்தது. ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்குப் ஃபௌஜ்தாராக வந்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஊர் கம்பெனியார் கைக்குப் போனது. இடையில் ஏறக்குறைய 37 வருடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரும் திப்பு சுல்தானும் அடங்கியிருக்கும் கும்பஸுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள்: வெளித் திண்ணையில் உறவினர், தளபதிகள் என்று வரிசையாகக் கபர்கள். ஆளும் குடும்பத்தின் கபரைச் சுற்றிச் சேவகர் கபர்கள் அமைவது அந்தக் காலப் பழக்கம். "நாங்க ஹைதர் அலி படையோட வந்தவங்க" என்று சொல்லும் வீடுகள் நம் ஊரில் நிறைய. சிலருக்கு அது உண்மையாகவே இருக்கும். ஆனால் தமிழே வீட்டு மொழியாக, ராவுத்தர் பட்டத்தோடு, நாலு தலைமுறைக்குச் சுற்றுக் கிராமங்களில் நிலபுலன் வைத்திருந்த குடும்பமும் அதையே சொல்லும்போது நாம் கொஞ்சம் நிதானிக்கிறோம். பெருமைக்குச் சொன்ன சொல் இரண்டு தலைமுறையில் வரலாறாகிவிடுகிறது. பத்திரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. மையித்து முழுதாக மண்ணோடு மண்ணாகிவிட்ட பிறகு அதே இடத்தில் மற்றொருவரை அடக்க ஃபிக்ஹில் அனுமதி உண்டு. இடநெருக்கடியான நகர மையவாடிகளில் இது நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு கல்லுக்குக் கீழே அந்தப் பெயருக்குரியவர் மட்டும் இருக்கிறார் என்று எண்ணவேண்டாம். சில கிராமங்களில் பங்காளிகள் ஒரு வரிசையில் அடங்குவது வழக்கம். உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்களின் கபருக்குத் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் தாமே ஒரு கல்லை வைத்து, தம் குடும்பத்தாரில் இறப்பவரை அருகில் அடக்க அது அடையாளம் என்று சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. அடையாளக் கல்லுக்கும், உறவினர் பக்கத்தில் அடங்குவதற்கும் நமக்குள்ள ஆதாரம் அது. ஒரு கபர் நிச்சயமாகத் தெரிந்தால் அதற்கு இரு புறமும் பாருங்கள்.

கல்லைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் வேண்டவே வேண்டாம். தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எழுத்து மங்கியிருந்தால் காலை ஏழு மணிக்கோ அஸருக்குப் பிறகோ போய், வெயில் சாய்வாக விழும்போது செல்போனில் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். எந்தக் கபரையும் மிதிக்காமல் நடக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இருந்தும் சொல்கிறோம், படம் எடுக்கும் அவசரத்தில் எல்லோரும் மறக்கிறார்கள்.

தேதியைப் படிப்பது

பழைய கற்களில் ஹிஜ்ரி ஆண்டு அரபு எண்களில் இருக்கும். அரபு எண்ணில் சிறு வட்டம் ஐந்து, புள்ளிதான் பூஜ்யம். இந்த ஒன்றில் தடுமாறியே பலர் ஆண்டைத் தவறாகக் கொள்கிறார்கள். இரண்டும் மூன்றும் ஒரு வளைவுதான் வித்தியாசம். தேய்ந்த கல்லில் ஓதத் தெரிந்தவர் இருவரைக் கொண்டு பார்ப்பது நல்லது.

ஹிஜ்ரியை ஆங்கில ஆண்டாக்க, ஹிஜ்ரி ஆண்டை 33-ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622 கூட்டுங்கள். ஹிஜ்ரி 1345 என்றால் 33-ஆல் வகுக்க ஏறக்குறைய 41, கழித்தால் 1304, கூட்டினால் 1926. ஹிஜ்ரி 1350 இதே கணக்கில் 1931. ஓர் ஆண்டு முன்பின் இருக்கலாம் என்பதால், மாதத்தையும் பார்த்து உறுதி செய்யவேண்டும். ஊர்ப் பிறைக்கும் அச்சடித்த காலண்டருக்கும் ஒரு நாள் வேறுபடுவதும் உண்டு.

கல்லும் எழுத்தும் இல்லாமல் வாய்ச்சொல் மட்டும் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. "வெள்ளி இரவு மவுத்" என்று பாட்டி சொன்னால், சர்க்கார் பதிவில் அது வியாழக்கிழமையாக இருக்கும். இரண்டும் சரிதான். மேலே சொன்ன ஒரு நாள் கணக்கை நினைத்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

பழைய பத்திரங்களில் நம்மவர்களும் தமிழ் வருடமே எழுதினார்கள். விக்கிரம வருடம் என்றால் 1940-41. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் வருவதால் 1880-81 ஆகவும் இருக்கலாம். தாது வருடப் பஞ்சத்தில் போனவர் என்றால் 1876-ஐ ஒட்டியது. கிழவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள். "பஞ்சத்துல", "பெரிய காய்ச்சல் வந்தப்ப", "நோன்புப் பிறை 27-ல" என்று சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்; திருத்தி எழுதவேண்டாம். ஆண்டைப் பிறகு கண்டுபிடிக்கலாம், சொன்ன வார்த்தை போனால் போனதுதான்.

பள்ளிவாசல் நோட்டுகள்

மவுத் பதிவேடு என்று தனியாக வைத்திருந்த ஜமாஅத்துகள் குறைவு. ஆனால் வேறு நோட்டுகளில் மவுத் மறைந்திருக்கிறது. தலைக்கட்டு வரி நோட்டைப் பாருங்கள். ஒரு வருடம் தகப்பன் பெயரில் இருந்த வரி அடுத்த வருடம் மகன் பெயருக்கு மாறியிருந்தால், இடையில் மவுத். வரவு செலவு நோட்டில் குழி வெட்டுக் கூலி, சந்தூக்குப் பழுது, கஃபன் துணிக்குக் கடன், மோதினாருக்குக் கொடுத்தது என்று தேதியோடு இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு உதவியதும் இந்த வரிகள்தான்: ஒரே மாதத்தில் எட்டு நாள் இடைவெளியில் தகப்பனாருக்கும் மகனுக்கும் குழி வெட்டிய கூலி. யார் முந்தி என்பதில் பிறகு சந்தேகம் இருக்கவில்லை. நிக்காஹ் தஃப்தரில் மணமகள் தகப்பனார் பெயருக்கு முன் "மர்ஹூம்" என்றிருந்தால், அந்தத் தேதிக்கு முன் அவர் வஃபாத்தாகிவிட்டார் என்று பொருள். வலீயாக அண்ணனோ சாச்சாவோ கையெழுத்துப் போட்டிருப்பதும் ஒரு குறிப்பு.

பெயர் ஒரே மாதிரி இருக்காது. முஹையித்தீன் என்பவர் ஒரு நோட்டில் முகைதீன், இன்னொன்றில் மைதீன், பத்திரத்தில் மொகிதீன். ராவுத்தர் என்ற பட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சர்க்கார் பழைய ஏடுகளில் தமிழ் பேசும் நம்மவர் எல்லோரையும் லெப்பை என்றே எழுதிய இடங்கள் உண்டு. பெண்கள் விஷயத்தில் இன்னும் சிரமம். பெயரை விட்டுவிட்டு "இன்னார் சம்சாரம்" என்று எழுதும் பழக்கம் நம் நோட்டுகளில் அண்மைக்காலம் வரை இருந்தது. மஹர் வாங்கியவர், சொத்தில் பங்கு உள்ளவர், அவர் பெயரை எழுதுவதில் என்ன கூச்சம் என்று நமக்கு விளங்கவில்லை.

சர்க்கார் பதிவேடுகள்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899-ல் வந்தது. இப்போது நடப்பில் உள்ளது 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். திண்டுக்கல் நகராட்சி 1866-லேயே அமைந்தது, 2014-ல் மாநகராட்சியானது. நகரத்துக்குள் நடந்த இறப்புக்கு மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் கேட்கவேண்டும். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர். பழைய கிராமப் பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடவேண்டும். பதிவேட்டில் தேடிப் பகர்ப்பு பெறுவதற்குக் கட்டணம் செலுத்திக் கேட்கும் உரிமை 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பகர்ப்பில் இறப்பின் காரணம் இருக்காது. சட்டமே அதை விலக்குகிறது. காரணம் இல்லையே என்று அலுவலரோடு தகராறு செய்யவேண்டாம்.

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதற்கு முந்தியது எல்லாம் மதுரை மாவட்டம் என்றே எழுதப்பட்டிருக்கும். கேட்கும் மனுவில் அன்றைய மாவட்டம், தாலுகா, கிராமப் பெயரைப் போடுங்கள். பதிவு இல்லை என்றால் "பதிவு இல்லை" என்றே ஒரு சான்று தருவார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கடந்த இறப்பைப் புதிதாகப் பதிவு செய்யக் கோட்டாட்சியரின் ஆணை தேவை. அந்த மனுவுக்கு இந்தச் சான்றும், பள்ளிவாசல் நோட்டின் நகலும் துணை நிற்கும்.

அடக்கஸ்தலமே எங்கிருந்தது என்று தெரியாவிட்டால், கிராமத்தின் அ-பதிவேட்டில் புல எண் வாரியாகப் பாருங்கள். 1954-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டப்படி எடுத்த கணக்கெடுப்பு அரசிதழில் வந்திருக்கிறது. பள்ளிவாசல், தர்கா, மையவாடி எல்லாம் புல எண்ணோடு அதில் உண்டு. 2025 சட்டத் திருத்தத்துக்குப் பின் வக்ஃபு விவரங்களை உமீத் இணையதளத்தில் ஏற்றவேண்டியதாயிற்று. பல முத்தவல்லிகள் ஆவணம் தேடி அலைந்ததை நேரில் பார்த்தோம். நூறு வருடமாக அடக்கம் நடக்கிறது என்று வாயால் சொல்ல ஊரே இருக்கிறது. எழுத்தில் காட்ட ஒரு தாளும் இல்லை. அந்த இடத்தில் 1931-ஆம் வருடக் கல் ஒன்று நின்றால் அது ஒரு சாட்சி.

கடல் கடந்தவர்கள்

மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள் நம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கத்துக்குப் பதினைந்து வருட வரம்பு வைத்திருக்கிறார்கள். பிறகு எடுத்துச் சிறிய இடத்தில் மறு அடக்கம் செய்கிறார்கள். பிடாடாரி மையவாடி 2000-களில் முழுதாகக் காலி செய்யப்பட்டது. ஆகவே அங்கே கபரைத் தேடிப் போவதைவிட, முதலில் அரசின் பதிவை விசாரிப்பது மேல். பட்டாளத்தில் இருந்து பர்மாவில் மடிந்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1942-ல் நடந்தே வந்து வழியில் விழுந்தவர்களுக்குப் பதிவு ஏதும் கிடைப்பது அரிது. அவர்கள் விஷயத்தில் வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதத்தின் தபால் முத்திரைதான் சான்று. அதைக் கிழித்துவிடாதீர்கள்.

கல்லில் பெயர் எழுதலாமா என்று கேட்கிறார்கள். திர்மிதியில் கபர் மீது எழுதுவதற்குத் தடை வந்திருக்கிறது; அடையாளம் அழிந்துவிடும் என்ற தேவை இருந்தால் எழுதலாம் என்று ஹனஃபி ஆலிம்களில் பிற்காலத்தவர் சொன்னதும் இருக்கிறது. உங்கள் ஊர் இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் காகிதத்தில் எழுத யாரும் தடை சொல்லவில்லை. எங்கள் யோசனை இது: ஒவ்வொரு பள்ளிவாசலிலும் கெட்டி அட்டை நோட்டு ஒன்று போட்டு, மையித்தின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பெண்ணானால் அவருடைய சொந்தப் பெயர் கண்டிப்பாக, மவுத்தான தேதியும் நேரமும், மஃரிபுக்கு முன்னா பின்னா, ஹிஜ்ரிப் பிறை, அடக்கிய வரிசை எண், வாசலிலிருந்து எத்தனையாவது கபர், குழி எடுத்தவர் பெயர், தகவல் சொன்னவர் கையெழுத்து என்று எழுதி வரவேண்டும். அச்சடித்த நோட்டுகள் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. முத்தவல்லி அல்லது செயலாளர் கடிதத்தோடு வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். பழைய நோட்டுகள் கரையான் அரித்த நிலையில் இருந்தாலும் எடைக்குப் போடவேண்டாம். ஞாயிறு லுஹருக்குப் பின் கொண்டு வந்தால் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.